திரைக்குப் பின்னால் இருந்தவர்: அல்-ஜஸரி

துபாயில் வேலை பார்க்கும் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்த நம் குடும்பங்கள் பலவற்றின் செல்போனில் ஒரு யானைப் படம் இருக்கும். இப்னு பதூதா மாலில், இந்தியப் பகுதியின் நடுவே நிற்கும் பிரமாண்டமான யானை அது. முதுகில் அம்பாரி, அதன் மேல் ஒரு சிறு மாளிகை, இரு பக்கமும் வளைந்து இறங்கும் பாம்புகள். பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவோம். அது ஒரு கடிகாரம். அதை வடிவமைத்து, எப்படிச் செய்வது என்று ஆணி ஆணியாக எழுதி வைத்தவர், 800 ஆண்டுகளுக்கு முன் திக்ரீஸ் நதிக்கரையில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் கைவினைஞர்.

பதீஉஸ் ஸமான் அபுல் இஸ் இப்னு இஸ்மாயீல் இப்னு அர்-ரஸ்ஸாஸ் அல்-ஜஸரி என்பது அவருடைய முழுப்பெயர். பதீஉஸ் ஸமான் என்றால் காலத்தின் அற்புதம், அது பட்டம். ரஸ்ஸாஸ் என்றால் அரிசி வியாபாரி. அது குடும்பத்தின் தொழிலைச் சொல்லும் பெயராக இருக்க வேண்டும். ஜஸரி என்பது இரு நதிகளுக்கு இடைப்பட்ட அல்-ஜஸீரா நிலப்பகுதியைக் குறிக்கும்.

வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்திகள் அவரை ரோபோக்களின் தந்தை என்று சொல்லி இரண்டு வரியில் முடித்துவிடும். அந்தப் பட்டத்தில் பெரிய தவறில்லை. ஆனால் அவர் 25 ஆண்டுகள் மெய்யாகச் செய்த வேலை என்ன என்பதை அது மறைத்துவிடுகிறது. எதிரே நிற்கும் மனிதர்கள் எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், எது முதலில் நடக்க வேண்டும், எது அதற்குப் பின் நடக்க வேண்டும், சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை எப்படி மறைக்க வேண்டும்: அவர் வாழ்நாள் முழுக்க யோசித்தது இதைத்தான். இன்று நாடக மேடையில் இந்தப் பணியைச் செய்பவரை ஒலி-ஒளி அமைப்பாளர் என்கிறோம். அவரும் திரைக்குப் பின்னால்தான் இருப்பார். அவர் முகம் யாருக்கும் தெரியாது. நடிகர் கையை உயர்த்தும் அதே நொடியில் இடி இடித்தால், அவர் வேலையைச் சரியாகச் செய்தார் என்று பொருள்.

அல்-ஜஸரி ஹிஜ்ரி 570ல், அதாவது 1174ஐ ஒட்டி, அர்துக்கிய மன்னர்களின் பணியில் சேர்ந்தார். சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி எழுந்து வந்த காலம் அது. அர்துக்கியர்கள் துருக்கிய வம்சத்தினர்; பெரிய பேரரசர்கள் அல்லர். அப்போது அவர்களுடைய தலைநகரம் ஹிஸ்னு கைஃபா. (திக்ரீஸ் கரையில் இருந்த அந்தப் பழைய ஊர், ஹஸன்கைஃப் என்ற பெயரில் நம் காலம் வரை இருந்தது. 2020ல் இலிசு அணையின் நீர் அதை மூழ்கடித்தது.) 1183ல் ஸலாஹுத்தீன் ஆமித் நகரைக் கைப்பற்றி அர்துக்கிய மன்னர் நூருத்தீன் முஹம்மதிடம் ஒப்படைத்தார். கருங்கல் மதில் சூழ்ந்த அந்த ஆமித்தான் இன்று துருக்கியின் தென்கிழக்கில் உள்ள தியார்பகிர். நூருத்தீன், அவருக்குப்பின் மூத்த மகன் குத்புத்தீன் ஸுக்மான், பிறகு இளைய மகன் நாஸிருத்தீன் மஹ்மூத் என மூன்று ஆட்சிகளில் அல்-ஜஸரி அரண்மனைப் பொறியாளராக இருந்தார். மன்னர் மாறினாலும் பட்டறைக்காரர் மாறவில்லை.

அவருடைய வேலைகளில் தலையாயது கோட்டைக் கடிகாரம். இரண்டு ஆள் உயரம். முன்பக்கம் பார்த்தால் ஒரு மாளிகையின் முகப்பு. மேலே ராசி மண்டலத்தின் வட்டம் சூரியனையும் சந்திரனையும் தாங்கிச் சுழலும். அதன் கீழே வரிசையாக 12 கதவுகள். கதவுகளுக்கு முன்னால் ஒரு பிறை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நிறைந்ததும் ஒரு கதவு திறக்கும், உள்ளேயிருந்து ஓர் உருவம் எட்டிப் பார்க்கும். அதே நேரம் இருபுறமும் உள்ள இரண்டு வல்லூறுகள் முன்னால் சாய்ந்து, அலகிலிருந்து ஆளுக்கொரு உலோகக் குண்டைக் கீழே போடும். குண்டு கிண்ணத்தில் தொங்கும் தாளத்தில் விழுந்து கணீரென்று ஒலிக்கும்.

இங்கே கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். பிறை நகர்வது மெளனமாக நடக்கிறது. அதை யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. கடைக்காரர் வியாபாரத்தில் இருப்பார், வழிப்போக்கர் பேச்சில் இருப்பார். கணீரென்ற அந்த ஒரு சத்தம்தான் எல்லோருடைய தலையையும் மேலே தூக்க வைக்கிறது. தூக்கிப் பார்க்கும்போது கதவு திறந்திருக்கிறது, உருவம் நிற்கிறது. காதைப் பிடித்து இழுத்துக் கண்ணுக்குக் காட்டும் வித்தை இது.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. கீழ்த்தளத்தில் ஐந்து வாத்தியக்காரர்களின் உருவங்கள் இருந்தன: இரண்டு பேர் முரசடிப்பவர்கள், இரண்டு பேர் எக்காளம் ஊதுபவர்கள், ஒருவர் கைத்தாளம் போடுபவர். இவர்கள் மணிக்கொரு தரம் வாசிப்பதில்லை. ஆறாவது மணிக்கும், ஒன்பதாவது மணிக்கும், பன்னிரண்டாவது மணிக்கும் மட்டுமே வாசிப்பார்கள். பகல் பொழுதைச் சூரிய உதயம் முதல் மறைவு வரை 12 ஆகப் பிரிப்பது அக்கால வழக்கம். அப்படியானால் ஆறு என்பது உச்சிப்பொழுது. பன்னிரண்டு என்பது மஃரிபுடைய நேரம். மற்ற மணிகளில் ஒற்றை ஓசை; நாளின் முக்கியமான திருப்பங்களில் முழு மேளம். எப்போதும் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒலிபெருக்கி வருவதற்கு முன் நம்மூர்ப் பழைய பள்ளிவாசல்களில் தொழுகை நேரத்துக்கு நகரா அடித்தார்களே, அந்த நகராவுக்கு ஊரில் இருந்த மரியாதை இதே காரணத்தால் வந்ததுதான்.

எக்காளம் ஊதும் உருவங்கள் உண்மையில் ஊதவில்லை. சேர்த்து வைத்திருந்த தண்ணீர் அந்த நேரத்தில் ஒரேயடியாகத் திறந்து ஒரு சக்கரத்தின் மேல் கொட்டும். சக்கரத்தின் அச்சில் முளைகள் இருக்கும். அச்சு சுழலச் சுழல, முளைகள் முரசடிப்பவர்களின் கைகளோடு இணைந்த நெம்புகோல்களை அழுத்தி அழுத்தி விடும். கைகள் முரசில் விழும். தண்ணீர் அதோடு வீணாவதில்லை. அங்கிருந்து ஓர் அடைபட்ட கலத்துக்குள் பாயும். உள்ளே இருக்கும் காற்றுக்குப் போக வேறு வழியில்லை. ஒரு குழாய் வழியாக ஊதலுக்குள் பாய்ந்து, எக்காளம் போல ஒலிக்கும். ஓசை வருவது ஓரிடம், ஊதுவது போல நிற்கும் உருவம் வேறிடம். ஒரே தண்ணீரில் முரசும் ஊதலும். இன்றைய மேடையில் ஒலிபெருக்கியைத் தூணுக்குப் பின்னால் மறைத்துவிட்டு, நடிகரின் கையில் ஒரு குழலைக் கொடுப்பது இதே உத்திதான்.

இரவில் சத்தத்தோடு வெளிச்சமும் சேரும். முகப்பில் 12 கண்ணாடி வட்டங்கள் உண்டு. உள்ளே விளக்கு எரியும். மணிக்கு ஒன்றாக அந்த வட்டங்கள் ஒளிபெறும். இருட்டில் நடந்து வருபவர் தூரத்திலிருந்தே எண்ணிப் பார்த்து இரவு எவ்வளவு கழிந்தது என்று சொல்லிவிடலாம்.

இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருந்த கனவு என்று எண்ண வேண்டாம். ஏறக்குறைய இதே அமைப்பில் ஒரு கடிகாரம் திமிஷ்க் நகரில், உமையாப் பெரிய பள்ளிவாசலின் கிழக்கு வாசலான பாபு ஜைரூனில் அப்போதே இயங்கிக்கொண்டிருந்தது. நூருத்தீன் ஸங்கி காலத்தில் முஹம்மத் அஸ்-ஸாஆத்தி அமைத்தது அது. 1184ல் அங்கே வந்த அந்தலூஸியப் பயணி இப்னு ஜுபைர் அதைப் பார்த்து வியந்து தம் பயண நூலில் விவரித்திருக்கிறார். பித்தளை வல்லூறுகள், குண்டு விழும் கிண்ணங்கள், மூடிக்கொள்ளும் கதவுகள், இரவில் சிவந்து ஒளிரும் வட்டங்கள் எல்லாம் அதில் வருகின்றன. எனக்கு அந்த விவரிப்பில் மிகவும் பிடித்தது வேறொரு தகவல். உள்ளே ஓர் ஆள் இருந்தார். கீழே விழுந்த குண்டுகளைத் திரும்ப அதனதன் இடத்தில் வைப்பதும் கதவுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் அவர் வேலை. வாசலில் கூடி நின்று அதிசயிக்கும் கூட்டம் அவரைப் பார்த்ததில்லை. பிற்காலத்தில் பழுதாகிப்போன அந்தக் கடிகாரத்தை ஸாஆத்தியின் மகன் ரிள்வான் சீர்செய்தார். அவர் ஒரு மருத்துவர். 1203ல் அதைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார்.

ஆமித்துக்குத் திரும்புவோம். அல்-ஜஸரியின் வரலாற்றை எழுதும் நம்மவர்கள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடும் ஓர் இடம் இங்கே இருக்கிறது. அவருடைய நூலில் உள்ள 50 கருவிகளில் 10, மன்னரின் மது விருந்துகளுக்காகச் செய்யப்பட்டவை. நூலில் அந்தப் பிரிவின் தலைப்பிலேயே அது இருக்கிறது. மது ஹராம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. முஸ்லிம் மன்னர்களின் அரண்மனைகளில் அது புழங்கியது என்பதிலும் ஐயமில்லை. இதை மறைத்துவிட்டுப் பெருமையை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையாகாது. பிள்ளைகள் நாளை அந்த நூலைத் தாங்களாகவே திறந்து பார்ப்பார்கள். அப்போது நம்மிடம் கேட்பார்கள். இசை, உருவங்கள் பற்றி அறிஞர்களிடையே உள்ள விவாதத்துக்குள்ளும் நான் இங்கே போகவில்லை. அரண்மனைச் சம்பளத்தில் இருந்த ஒரு தொழிலாளி, கேட்டதைச் செய்து கொடுத்தார். அவரது தொழில்திறனையும் அது போய்ச் சேர்ந்த இடத்தையும் நாம் தனித்தனியே பார்க்கலாம்.

அந்த விருந்துக் கருவிகளில் பெயர்பெற்றது ஒரு படகு. அரண்மனைக் குளத்தில் மிதக்கும். அதில் மன்னர், ஏவலர்கள், துடுப்புப் போடுபவர்கள் ஆகியோரின் உருவங்களோடு நான்கு இசைப்பெண்களின் உருவங்களும் இருக்கும். மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒரு சாயும் வாளியில் நிறையும். அரை மணி நேரம் ஒன்றும் நடக்காது. வாளி நிறைந்ததும் குப்புறச் சாய்ந்து சக்கரத்தின் மேல் கொட்டும். பெண்களின் கைகள் அசையும், தஃப் ஒலிக்கும், குழல் ஊதும். சிறிது நேரம்தான். பிறகு மறுபடி மெளனம், மறுபடி அரை மணி. ஏறத்தாழ 15 தடவை இப்படி நடக்கும். அச்சில் உள்ள முளைகளை இடம்மாற்றினால் தாளம் மாறும் என்பதால், உலகின் முதல் நிரல் எழுதக்கூடிய இசைக்குழு என்று இன்றைய ஆய்வாளர்கள் சிலர் இதை அழைக்கிறார்கள். அது நம் காலத்துப் பேச்சு. எனக்கு முளைகளைவிட அந்த அரை மணி மெளனம்தான் பெரிதாகத் தெரிகிறது. விருந்தினர் பேச்சில் மூழ்கி, படகை மறந்துபோகும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்.

இடைவெளியைப் பற்றி அவர் எவ்வளவு கறாராக இருந்தார் என்பதற்கு நூலிலேயே சான்று உண்டு. பக்தாதின் பனூ மூஸா சகோதரர்கள் அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தியவர்கள். வடிவம் மாறிப் பீறிடும் நீரூற்றுகளை அமைத்த மேதைகள். அவர்களை மதித்துப் பேசிவிட்டு, அல்-ஜஸரி ஒரு குறை சொல்கிறார்: ஒரு வடிவத்திலிருந்து மறுவடிவத்துக்கு மாறும் நேரம் மிகக் குறைவாக இருக்கிறது, பார்ப்பவருக்கு மாற்றம் பதியாது. எனவே தாம் வேறு வழியில் செய்ததாகக் கூறுகிறார். எதிரே நிற்பவரின் கண்ணோடு கடிகாரத்தை ஒத்துப்பார்த்தவரால்தான் இப்படிச் சொல்ல முடியும்.

மெளனத்தை அமைத்தவர் ஓயாத ஓசையையும் அமைத்தார். காற்றுக்கலத்தில் தண்ணீர் நிறையும் வரைதான் குழல் ஊதும், நிறைந்துவிட்டால் நின்றுபோகும். இதற்கு அவர் இரண்டு கலங்களை வைத்தார். ஒன்று நிறைந்ததும், அசையும் குழாய் மறுபக்கம் சாய்ந்து இரண்டாவதற்குத் தண்ணீரைத் திருப்பிவிடும். இரண்டாவது ஊதிக்கொண்டிருக்கும்போது முதல் கலம் தானாக வடிந்து காலியாகும். ஓடை வற்றாதவரை குழலும் நிற்காது. நூலின் நான்காம் பிரிவில், நீரூற்றுகளை அடுத்து, இந்த ஓயாக் குழல்கள் வருகின்றன.

மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூதுக்கு ஒரு வழக்கம்: உளூச் செய்யும்போது வேலைக்காரரோ பணிப்பெண்ணோ தம் கைகளில் தண்ணீர் ஊற்றுவதை அவர் விரும்பவில்லை. அதற்கொரு வழி கேட்டார். அல்-ஜஸரி ஒரு பணியாள் உருவத்தைச் செய்தார், கையில் கெண்டியோடு. மேலே ஒரு பறவை. முதலில் பறவை கூவும். அதன் பிறகே கெண்டியிலிருந்து தண்ணீர் விழும். முடியும் தறுவாயில் பணியாளின் மறு கை தாழ்ந்து துண்டை நீட்டும். பறவை எதற்கு? கையை நீட்டித் தயாராகுங்கள் என்று சொல்லத்தான். மேடைக்காரர்கள் இதை முன்குறிப்பு என்பார்கள்.

துபாயில் நாம் பார்த்த யானைக்கும் இப்போது வருவோம். அதன் வயிற்றுக்குள் ஒரு நீர்த்தொட்டி. தொட்டியில் அடியில் துளையிட்ட ஒரு கிண்ணம் மிதக்கும். துளை வழியே தண்ணீர் ஏறி அரை மணியில் கிண்ணம் மூழ்கும். இது நமக்குப் புதிதில்லை. நம் நாட்டு நாழிகை வட்டில் இதே தத்துவத்தில் ஆனது. அது 24 நிமிடத்தில் மூழ்கும். யானையைத் தேர்ந்தெடுத்ததே இந்த வித்தை இந்தியாவிலிருந்து போனதைச் சொல்லத்தான் என்று தோன்றுகிறது. கிண்ணம் மூழ்கும்போது ஒரு கயிற்றை இழுக்கும். உச்சியில் உள்ள பறவை கூவியபடி சுழலும். ஒரு குண்டு உருண்டு வல்லூறின் வாய் வழியாகப் பாம்பின் வாயில் விழும். பாரம் தாங்காமல் பாம்பு தலை தாழ்த்திக் குண்டைக் கீழே உள்ள கலத்தில் விடும். யானைப்பாகன் கையை ஓங்கி யானையை அடிப்பான். பாம்பு தாழும்போதே மூழ்கிய கிண்ணத்தை மேலே தூக்கிவிடும். கதை முடிந்த இடத்திலேயே அடுத்த கதை தொடங்கிவிடுகிறது.

இத்தனையும் செய்தவர் எழுத்தாளர் அல்லர். ஒருநாள் அவர் தாம் செய்த ஒன்றை மன்னரிடம் காட்டிக்கொண்டிருந்தபோது, இணையற்ற இந்த வேலைகள் உம்மோடு அழிந்துவிடக் கூடாது, எல்லாவற்றையும் படத்தோடு ஒரு நூலாக எழுதும் என்று நாஸிருத்தீன் கட்டளையிட்டார். அதனால்தான் நமக்கு அவரைத் தெரிகிறது. பழைய நூல்களை அவர் படித்திருந்தார். அவற்றை எழுதியவர்களில் பலர் தாங்கள் எழுதியதைச் செய்து பார்த்ததே இல்லை என்பதைக் கண்டார். செய்து பார்க்காத கலை மெய்க்கும் பொய்க்கும் நடுவே தொங்குவது என்பது அவர் கருத்து. கோடையில் பகல் நீளும், குளிரில் சுருங்கும். ஆகவே தண்ணீர் வடியும் வேகத்தை ஒவ்வொரு நாளும் மாற்ற வேண்டும். முன்னோர் இதற்கு வைத்திருந்த அரைவட்ட அளவுகோலைச் செய்து பார்த்தார், கணக்கு ஒத்துவரவில்லை. மாற்றி மாற்றிச் செய்து, கடைசியில் முழுவட்டத்தில் தாமே ஒன்றை அமைத்தார். அடைப்பான் கசியாமல் இருக்க, அதையும் அது உட்காரும் இடத்தையும் சாணைத் தூள் போட்டு ஒன்றோடொன்று தேய்க்கச் சொல்கிறார். மரம் வளையாமல் இருக்கப் பலகைகளைத் தட்டுத் தட்டாக ஒட்டச் சொல்கிறார். எங்கே பிழை வந்தது என்பதையும் எழுதுகிறார். தொழில் ரகசியத்தைப் பொத்தி வைத்துக்கொண்டு கபருக்குப் போகும் உஸ்தாதுகளை நாம் எல்லா ஊர்களிலும் பார்த்திருக்கிறோம். இவர் அந்த வகையல்லர்.

எழுதியது வீண்போகவில்லை. டொனால்ட் ஹில் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1974ல் நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 1976ல் லண்டனில் நடந்த இஸ்லாமிய உலக விழாவுக்காக, நூலில் உள்ளபடியே கோட்டைக் கடிகாரத்தை முழு அளவில் செய்து ஓட வைத்தார்கள். 770 ஆண்டுகளுக்குப் பிறகு வல்லூறுகள் மீண்டும் குண்டு போட்டன. பிற்காலத்துப் பிரதி ஒன்றின் தாள்கள் தனித்தனியே பிரிக்கப்பட்டு அமெரிக்க அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. மிகப் பழைய பிரதி இஸ்தான்புல் தோப்காப்பியில் இருக்கிறது.

அல்-ஜஸரி நூலை முடித்தது ஹிஜ்ரி 602, ஜமாதுல் ஆகிர் 4ம் நாள். 1206 ஜனவரி 16. தோப்காப்பி பிரதியை எழுதியவர் ஹிஸ்னு கைஃபாவைச் சேர்ந்த முஹம்மத் இப்னு யூஸுஃப் இப்னு உஸ்மான். அவர் படியெடுத்து முடித்தது அதே ஆண்டு ஷஃபான் மாத இறுதியில். இடையில் மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. அந்தப் பிரதியின் கடைசிப் பக்கம் அல்-ஜஸரியை மறைந்துவிட்டவராகக் குறிப்பிடுகிறது.